இத்தாலியில் ஊர் விட்டு ஊர்: கையைக் கடிக்காத ரயில் டிக்கெட்

போன மே மாதம் நானும் அவரும் அம்மாவும் இத்தாலி போய் வந்தோம். ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ். வந்ததிலிருந்து இங்கே மும்பையில் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கப் போனால்கூட யாராவது மடக்கி, "ரயிலுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். விசா, ஹோட்டல் எல்லாம் வேறு கதை.

முதலில், நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் எடுக்கும் புத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இங்கே ஸ்லீப்பர் கட்டணம் இன்று எடுத்தாலும் அடுத்த வாரம் எடுத்தாலும் அதேதான், இடம் கிடைக்குமா என்பதுதான் கவலை. அங்கே தலைகீழ். வெயிட்டிங் லிஸ்ட்டும் கிடையாது, ஆர்.ஏ.சி.யும் கிடையாது. அதிவேக வண்டிகளில் விலைதான் விமான டிக்கெட் மாதிரி நாளாக நாளாக ஏறும்.

படி 1: பாதை

ரோமில் இறங்கி, வெனிஸிலிருந்து ஊர் திரும்புகிற மாதிரி விமானம் போடுங்கள். மறுபடி ரோமுக்கு வரும் ரயில் காசும் அரை நாளும் மிச்சம்.

படி 2: பாஸ் வேண்டாம்

யூரெயில் பாஸ் (ஒரே சீட்டில் ஐரோப்பிய ரயில்களில் பல பயணம் போகலாம்) வாங்கச் சொல்லி ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். இரண்டு மூன்று பயணத்துக்கு அது தண்டம். இத்தாலியின் அதிவேக வண்டிகளில் பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இத்தாலோ என்ற கம்பெனியின் வண்டிகளில் பாஸ் செல்லவே செல்லாது.

படி 3: தேடுவது

அதிவேகத் தடத்தில் இரண்டு கம்பெனிகள்: ட்ரெனித்தாலியா, 2012-இல் வந்த தனியார் வண்டி இத்தாலோ. இரண்டையும் பார்த்து எது மலிவோ அதை எடுங்கள். ஒப்பிட ட்ரெயின்லைன் என்ற டிக்கெட் தளம் வசதி. ஆனால் வாங்குவதை மட்டும் நான் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே வைத்துக்கொள்வேன். டிக்கெட்டை மாற்ற நேர்ந்தால் நடுவில் ஒருவரிடம் கெஞ்ச வேண்டாம் பாருங்கள்.

ஊர்ப் பெயர்கள் இத்தாலிய மொழியில் வரும். ஃப்ளோரன்ஸ் என்றால் ஃபிரென்ஸே, வெனிஸ் என்றால் வெனேசியா. ஸ்டேஷனையும் கவனியுங்கள். வெனேசியா மெஸ்த்ரே நிலப்பக்கம் இருக்கிறது, பாலம் தாண்டித் தண்ணீருக்கு நடுவே இருப்பது சாந்தா லூச்சியா. பெயரைப் பார்த்து மெஸ்த்ரேயில் இறங்கினால், தாதரில் இறங்க வேண்டியவர் கல்யாணில் இறங்கின கதைதான். ஃப்ளோரன்ஸுக்கு சாந்தா மரியா நொவெல்லா, ரோமுக்குத் தெர்மினி.

ட்ரெனித்தாலியாவில் பேஸ், எகானமி, சூப்பர் எகானமி என்று கட்டணம் காட்டும். இவை வகுப்பு இல்லை, ஒரே சீட்டின் மூன்று விலை. சூப்பர் எகானமிதான் மலிவு, ஆனால் பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது. தேதி உறுதியானால் மட்டும் அதை எடுங்கள்.

படி 4: பணம் கட்டுவது

என் மூக்கு உடைந்தது இங்கேதான். ரோம்–ஃப்ளோரன்ஸ், ஒன்றரை மணி நேரப் பயணம், ஆளுக்கு 19.90 யூரோ. ராத்திரி பதினொரு மணிக்கு மூன்று பேர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அடித்து, அட்டை எண் போட்டேன். "நிராகரிக்கப்பட்டது." மறுபடி. மறுபடியும். மூன்றாவது தடவை பணம் கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்தது, டிக்கெட் வரவில்லை. அந்தப் பணம் திரும்பி வர ஒரு வாரம் ஆனது. மறுநாள் காலை அதே வண்டி 29.90. மூன்று பேருக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய் போச்சு!

காரணம் சின்னது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, நம் அட்டைகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு மூடியேதான் வரும், நாம்தான் திறக்க வேண்டும். நான் திறந்திருந்தேன். ஆனால் வங்கியின் ஆப்பில் வெளிநாட்டு ஏடிஎம், வெளிநாட்டுக் கடை, வெளிநாட்டு ஆன்லைன் என்று மூன்று தனித்தனி பொத்தான். நான் தட்டியது கடையை மட்டும். ஆன்லைனைத் திறந்த பிறகும் அதன் கீழே வரம்பு பூஜ்ஜியம் என்று இருந்தது. அதையும் ஏற்ற வேண்டும். டிக்கெட் தேடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு யூரோ. ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள். யூரோவில் கட்டினாலும் நிறைய அட்டைகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும், அந்தக் கூடுதலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வீட்டில் எந்த அட்டையில் இது குறைவு என்று பார்த்து அதையே பயன்படுத்துங்கள்.

படி 5: பக்கத்து ஊர்களுக்கு

ஃப்ளோரன்ஸிலிருந்து பீசா போக ரெஜியோனாலே என்ற சாதா வண்டி போதும். நிலையான கட்டணம், அன்றைக்கே எடுக்கலாம். ஒரே ஒரு விஷயம். காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் பிளாட்பாரம் பக்கத்தில் உள்ள மெஷினில் செருகி முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். ஆப்பில் எடுத்தால் ஏறுமுன் செக்-இன் தட்ட வேண்டும். அம்மாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. "நம்ம லோக்கல் கூப்பன் மாதிரிதானே?" என்றாள். அதேதான்! மும்பையில் கூப்பன் பஞ்ச் செய்துவிட்டு ஓடிய தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 6: ஸ்டேஷனில்

பலகையில் உங்கள் ஊரைத் தேடாதீர்கள், வண்டி எண்ணைத் தேடுங்கள். ஃப்ளோரன்ஸ் போகிற வண்டிக்கு மிலானோ என்று போட்டிருக்கும். டோம்பிவிலி போக கர்ஜத் லோக்கலில் ஏறுவோமே, அப்படி. பினாரியோ என்றால் பிளாட்பாரம், ரித்தார்தோ என்றால் தாமதம். பிளாட்பாரம் எண்ணைக் கடைசி நேரத்தில்தான் காட்டுவார்கள், பதற வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு செம்பூரிலிருந்து ஒரு மாமி கேட்டிருந்தார். மகள் அங்கே போயிருக்கும்போது பலகையில் ஷோப்பெரோ என்று வந்ததாம், என்ன செய்வது என்று. அது வேலைநிறுத்தம். அங்கே அடிக்கடி நடக்கும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் வண்டிகளைக் குறைந்த அளவிலாவது கட்டாயம் ஓட்ட வேண்டும். அதிவேக வண்டிகளில் எவை ஓடும் என்று தனிப் பட்டியலே போடுகிறார்கள். மாமி, பீசா போவதாக இருந்தால் காலை ஏழு மணி வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்புவதற்கு ஆறு மணிக்குப் பிறகு.