களிமண்ணில் ஓர் ஏரி

சோழர் வரலாறு என்றதும் பிள்ளைகள் தெர்மாகோலில் பெரிய கோயில் செய்துகொண்டு வருவார்கள். என் வகுப்பில் நான் கட்டச் சொல்வது ஏரி. தண்ணீர் விட்டுப் பார்க்கலாம் என்றால் கடைசி பெஞ்சுகூட எழுந்து வந்துவிடும்.

அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். நடுவே பிசைந்த களிமண்ணால் கரை. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல். அங்கே முன்கூட்டியே வெந்தயம் முளைக்கப் போடுங்கள். கரை போடுவதற்கு முன்பே அரை இன்ச் பிவிசி குழாயை அடியில் பதித்துவிட வேண்டும், பிறகு துளைத்தால் கசியும். ஏரிப்பக்க முனையில் ஒரு எல்போ, வாய் மேலே பார்த்தபடி. குச்சி நுனியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றினால் அடைப்பு தயார். அது ஆடாமல் ஏறி இறங்க இரண்டு பக்கமும் ஐஸ் குச்சி நட்டு, குறுக்கே துளையிட்ட பிளாஸ்டிக் துண்டை ஒட்டுங்கள். ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் குமிழித் தூம்பு இதுதான். கோடையில் வற்றிய பழைய ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்குமே, அதைக் காட்டிவிட்டு ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் மட்டும் இப்போது வேண்டாம். தண்ணீர் ஊற்றட்டும். கரை விளிம்பில் முதலில் நூல் மாதிரி ஒரு கசிவு. அது மண்ணை அரித்து, விரலளவாகி, மொத்தமாக அடித்துக்கொண்டு போகும். வெந்தயமெல்லாம் சேறு. அந்த நேரத்தில் நாம் வாய் திறக்கக் கூடாது. மிஞ்சிய தண்ணீர் எங்கே போவது என்று அவர்களே பேசிக் கரையோரத்தைத் தாழ்த்துவார்கள், அரிக்காமல் இருக்கக் கல் பதிப்பார்கள்.

அடுத்த கேள்வி: உடைந்ததை யார் சரிசெய்வது? இங்கேதான் காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர் வருகிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் வருகிறது: ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை, அவர் உறவினருக்கும் இல்லை. உங்கள் வகுப்பு வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு, வகுப்பிலேயே சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். அன்றும் விவரமறியாச் சிறுவன்தான் எடுத்தான்.

நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போனது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நம் வீட்டில் யார் பெயர் போயிருக்கும் என்று கேட்பார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு பீரியடை முழுசாகக் கொடுங்கள்.

கரை காய்ந்தால் வெடிக்கும். தினமும் ஈரச் சாக்கு போட்டு மூடுவது புது வாரியத்தின் வேலை.