மின்சாதனங்களுக்கும் ஒரு ஜாதகம் வேண்டும்

திருநெல்வேலி டவுனிலோ பாளையங்கோட்டையிலோ டிவி, இன்வெர்ட்டர் என எதை வாங்கினாலும், அதன் பின்புறச் சீட்டிலுள்ள மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும், எழுத்து மங்கிப்போகும் முன்பே ரசீதோடு சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் *#06# அழுத்தினால் அதன் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் திரையில் வரும்; அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழுதுபார்க்கும்போது எந்த போர்டு, எந்த பேட்டரி, எப்போது மாற்றப்பட்டது என்பதையும் குறித்து வைத்தால் (பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான்), அடுத்த முறை மெக்கானிக் நல்ல பாகத்தைக் கழற்றிப் போடாமல், பழுதானதை மட்டும் தேடிப் பார்க்க வழியுண்டு.

இனி உதவாது என்றான சாதனத்தைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால், செம்புக்காகக் கம்பியை எரித்துவிட்டு மற்றதைக் குப்பையில் தள்ளிவிடக்கூடும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் வைத்திருப்பதால், அவர்களது சேவை எண்ணை அழைத்து, மாடல் எண்ணைச் சொல்லி, திருநெல்வேலிக்கு அருகிலுள்ள சேகரிப்பு மையத்தைக் கேட்டு, அங்கே ஒப்படையுங்கள்.