வீட்டுக்குள் நுழைந்தவன்மீது துப்பாக்கியால் சுடலாமா? இந்தியச் சட்டம் எப்போது அனுமதிக்கிறது

துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது: தற்காப்புக்கு என்று எழுதிக் கொடுத்துதானே வாங்கினோம், வீட்டுக்குள் எவன் வந்தாலும் சுடலாம், கேஸ் நிற்காது. இது ஆபத்தான நம்பிக்கை. கலெக்டர் ஆபீஸிலோ, சென்னை மாதிரி ஊர்களில் கமிஷனர் ஆபீஸிலோ கொடுக்கும் லைசென்ஸ், 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கான அனுமதி, அவ்வளவுதான். சுட்டது சரியா தப்பா என்பதைப் பார்ப்பது வேறு சட்டம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள்தான் அது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) 96 முதல் 106 வரை இருந்தவை, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் இங்கே வந்திருக்கின்றன.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "என் வீடு என் கோட்டை" என்று பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பல மாநிலங்களில் வீட்டுக்குள் பலவந்தமாக நுழைந்தவனைக் கண்டு வீட்டுக்காரர் உயிருக்குப் பயந்தது நியாயம் என்று சட்டமே முன்கூட்டி எடுத்துக்கொள்ளும். நம் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. நீங்கள் ஏன் பயந்தீர்கள் என்பது சாட்சியங்களில் தெரிய வேண்டும்.

சரி, சட்டம் எப்போது உயிரை எடுக்கும் அளவுக்கு அனுமதிக்கிறது? இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் உடலுக்கு வரும் ஆபத்து, பிரிவு 38. எதிரே நிற்பவன் உங்களையோ உங்கள் வீட்டில் இருப்பவரையோ (சொல்லப்போனால் யாரையுமே) கொன்றுவிடுவான் அல்லது கொடுங்காயம் ஏற்படுத்துவான் என்ற நியாயமான பயம், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு, போலீஸையோ அதிகாரிகளையோ நாட முடியாதபடி அடைத்து வைக்கும் தாக்குதல், இவை எல்லாம் இதற்குள் வரும். இங்கே பகலா இரவா என்பது கணக்கே இல்லை. பட்டப்பகலில் அரிவாளை ஓங்கிக்கொண்டு ஒருவன் ஹாலுக்குள் வந்தால் அந்த நொடியிலேயே உரிமை தொடங்கிவிடுகிறது, முதல் வெட்டு விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது வாசல் சொத்தைக் காப்பது, பிரிவு 41. குழப்பமெல்லாம் இங்கேதான், அதனால் பொறுமையாகப் படியுங்கள். கொள்ளை, சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் நடக்கும் வீடு உடைப்பு, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது அல்லது வெடி வைப்பது, இந்த மூன்றிலும் உயிரிழப்பு ஏற்படும் அளவுக்குத் தற்காப்பு நீளலாம். சாதாரணத் திருட்டு, வீட்டுக்குள் அத்துமீறி நுழைதல், பொருளை நாசம் செய்தல் போன்றவற்றில், தடுக்காவிட்டால் சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான பயம் கூடவே இருந்தால்தான் அந்த அளவுக்குப் போக முடியும். அந்தப் பயம் இல்லையென்றால் பிரிவு 42: பிடிக்கலாம், தள்ளலாம், தேவையான அளவு அடிக்கலாம், ஆனால் உயிரை எடுக்கக் கூடாது. பின்கட்டில் இருந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் ஓடுகிறவனைச் சுட்டால் இந்தச் சட்டத்தில் உங்களுக்கு இடமே இல்லை.

வீடு உடைப்பு என்றால் கதவைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். சுவரில் ஓட்டை போடுவது, ஜன்னல் வழியாக ஏறி இறங்குவது, பூட்டைத் திறப்பது, கதவு இடுக்கில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது எல்லாம் அதில் சேரும். நீங்கள் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதால் திறந்து வந்தாலும் வீடு உடைப்புதான், பழைய சட்டத்திலேயே அந்த உதாரணம் இருந்தது. ஆனால் நீங்களே திறந்து போட்டிருந்த கதவு வழியாக ஒருவன் நடந்து வந்தால் அது வெறும் அத்துமீறல். காம்பவுண்டுச் சுவர் ஏறி முற்றத்தில் குதித்தவனும் அப்படித்தான், இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மாமரத்தடியில் நிழல் தெரிந்தது என்பதற்காக ஜன்னல் வழியாகச் சுட்டுவிடுவதை எந்த வக்கீலாலும் எளிதில் நியாயப்படுத்த முடியாது. அந்த நிழல் பக்கத்து வீட்டுப் பையனாகவும் இருக்கலாம்.

இந்த உரிமை எப்போது முடிகிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனென்றால் நியாயமாக ஆரம்பித்த பல வழக்குகள் இங்கேதான் கெடுகின்றன. ஆபத்து நிற்கும் நொடியில் உரிமையும் நிற்கிறது. வீடு உடைத்து வந்தவன் உள்ளே இருக்கும்வரைதான் வீடு உடைப்பு என்ற காரணம் உங்களுக்கு இருக்கிறது. அவன் வெளியே குதித்துத் தெருவில் ஓடும்போது முதுகில் சுட்டால், கீழே விழுந்து ஆயுதம் நழுவியவனை மறுபடி சுட்டால், கட்டிப் போட்டபின் சுட்டால், அது பழிவாங்கல், தற்காப்பு இல்லை. குண்டு முன்பக்கம் பட்டதா பின்பக்கம் பட்டதா, எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதை போஸ்ட்மார்ட்டமும் தடயவியல் அறிக்கையும் சொல்லிவிடும். நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் போய்விட்டீர்கள் என்று கோர்ட் கருதினால் கொலைக்குற்றம் ஆகாத மரணம் என்று குறையலாம், ஆனால் அதற்கும் பல வருட சிறை உண்டு.

பிரிவு 37 சொல்லும் வரம்புகளும் முக்கியம். போலீஸை அழைக்க நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. "நாளைக்கு ஆள் கூட்டி வந்து உன்னை வெட்டுவேன்" என்று ஒருவன் போனில் மிரட்டினால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. வாரண்டோடு வரும் போலீஸ், ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஊழியர் ஆகியோர் நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்யும்போது, அந்த ஆணையில் சின்னக் குறை இருந்தாலும், சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான பயம் இல்லாதவரை அவர்கள்மீது தற்காப்பு என்று பேச முடியாது. வாடகை தராத குடித்தனக்காரரைக் காலி செய்யத் துப்பாக்கியோடு போய், அவர் எதிர்த்தார் அதனால் சுட்டேன் என்று சொல்வதும் நிற்காது. சண்டையைத் தொடங்கியவருக்கு இந்த உரிமை கிடையாது.

இதற்காகச் சட்டம் வீட்டுக்காரரைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. 1950 மார்ச் 5 அன்று மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் நடந்த கலவரத்தில் ஒரு கூட்டம் அம்ஜத் கான் என்பவருடைய சகோதரரின் கடையைச் சூறையாடிவிட்டு, அடுத்து இவருடைய கடைக் கதவைத் தடிகளால் அடித்தது. உள்ளே குடும்பம். அவர் இரண்டு முறை சுட்டார், ஒருவர் இறந்தார். உச்ச நீதிமன்றம் 1952-இல் அவரை விடுதலை செய்தது. கூட்டம் கதவை உடைத்து உள்ளே வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை, இப்படிப்பட்ட நேரத்துப் பலத்தைத் தங்கத் தராசில் நிறுக்க முடியாது என்றது. 1988-இல் கேரளத்தில் பந்த் நாளன்று ஒரு குடும்பத்தின் மாவு மில்லை மூடச் சொல்லி வளாகத்துக்குள் புகுந்து தாக்கியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஜேம்ஸ் மார்ட்டின் வழக்கும் விடுதலையில்தான் முடிந்தது. ஆனால் எத்தனை வருடம் கழித்து என்று பாருங்கள்: 2003 டிசம்பரில். 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில், ஆபத்து வரும்போது கோழை மாதிரி ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால் சுட்டிருந்தால்? தற்காப்பு வாதம் அதனால் மட்டும் போய்விடாது, ஆனால் ஆயுதச் சட்டத்தில் தனி கேஸ் வரும், அதற்கு இந்த வாதம் உதவாது.

சுட வேண்டிய நிலை வந்தேவிட்டது என்று வையுங்கள். உடனே 112-க்கு அழையுங்கள், விழுந்தவனுக்காக 108-க்கும் அழையுங்கள், அவன் திருடனாக இருந்தாலும். எதையும் கழுவாதீர்கள், அவன் கொண்டுவந்த கத்தியையோ கடப்பாரையையோ நகர்த்தாதீர்கள், உடைந்த பூட்டு உடைந்தபடியே கிடக்கட்டும். துப்பாக்கியையும் லைசென்ஸையும் நீங்களே ஒப்படையுங்கள். அவன் இறந்துவிட்டால் பெரும்பாலும் கொலை வழக்காகத்தான் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள், கைது செய்யலாம், அதைக் கண்டு கலங்க வேண்டாம். தற்காப்பு பெரும்பாலும் விசாரணையில்தான் முடிவாகும். அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதுதான், ஆனால் அரசுத்தரப்பு அளவுக்குச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். வக்கீலைப் பார்க்காமல் நீளமான வாக்குமூலம் கொடுக்காதீர்கள், ஆனால் உள்ளே புகுந்து தாக்க வந்தான் என்ற அடிப்படை விஷயத்தை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் உடம்பில் ஒரு கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டி ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிய வையுங்கள். சிசிடிவி இருந்தால் அதன் பதிவுப் பெட்டியான டிவிஆர் சில நாட்களில் பழைய பதிவை அழித்து மேலேயே எழுதிவிடும், அதனால் அதை மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பறிமுதல் ஆவணம்) போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.