டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் தேதிப் பிரிவுகளை நீக்கிய விதம்

விண்டோஸில் டவுன்லோட்ஸைத் திறந்தாலே 'இன்று', 'நேற்று', 'சென்ற வாரம்' என்று கோப்புகள் கூறுபோட்டு நிற்கும். 2019 மே அப்டேட்டிலிருந்தே இப்படித்தான். பெயர் வரிசைக்கு மாற்றினாலும் ஒவ்வொரு கூறுக்குள்ளும்தான் அகரவரிசை. ஒரே கரண்ட் பில்லின் இரண்டு நகல்கள் திரையின் இரு கோடியில் கிடக்கும். எரிச்சலாக இருந்தது.

டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைப் பிடித்தபடி அமைத்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கம் போய் 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' கொடுத்தேன். டவுன்லோட்ஸ் மட்டும் அசையவில்லை. ரீஸ்டார்ட் செய்தும் அதே கதை.

விஷயம் என்னவென்றால், அந்தப் பட்டன் ஒரே வகை ஃபோல்டர்களை மட்டும்தான் மாற்றும். படங்கள், பாட்டு, டாக்குமெண்ட் போல டவுன்லோட்ஸும் தனி வகை. ஆகவே வேலையை அதற்குள்ளேயே செய்ய வேண்டும்: காலி இடத்தில் ரைட் கிளிக், 'குரூப் பை', 'நன்' (None, அதாவது எந்தப் பிரிவும் வேண்டாம்). நாம் எல்லோரும் நோண்டுவது அதற்கு மேலே இருக்கும் 'சார்ட் பை'யை! அப்புறம் அங்கிருந்தே 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்'.

சரி, முடிந்தது என்று பார்த்தால் பிரவுசரின் 'சேவ் ஆஸ்' பெட்டியில் பழைய கூறுகள் அப்படியே இருந்தன. அந்தப் பெட்டி தன் அமைப்பைத் தனியாக நினைவில் வைத்திருக்கிறது. அதற்குள்ளும் ரைட் கிளிக் செய்து 'நன்' கொடுத்ததும் ஒழிந்தது.