குண்டுமல்லி இலையாகவே தள்ளியபோது

மாடித் தொட்டியில் குண்டுமல்லி ஆள் உயரத்துக்குக் கிளை வீசியது. இலை கரும்பச்சை, மொட்டு மட்டும் இல்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) தூக்கலானால் மல்லி இப்படித்தான் கொழுத்துப்போகும். கடலைப்புண்ணாக்குக் கரைசலை நிறுத்தினேன். நவம்பர் கடைசி வாரத்தில் மண்ணிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டு எல்லாக் கிளைகளையும் வெட்டினேன். உள்ளே நெருக்கிக்கொண்டிருந்த மெல்லிய குச்சிகளை அடியோடு எடுத்துவிட்டேன். புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வரும், அதனால் வெட்டத் தயங்கவே வேண்டாம். அப்புறம் நாள் முழுக்க வெயில் படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்தி, மேல்மண்ணைக் கிளறி, தொழுவுரத்தோடு எலும்புத்தூள் கலந்தேன். துளிர் வரும்வரை மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

மார்ச்சில் கொத்துக் கொத்தாக மொட்டு! அம்மாவுக்கு முழம் போட்டுக் கட்டுமளவு பூ. இப்போது ஒவ்வொரு சுற்று பூத்து முடிந்ததும் நுனிகளைக் கிள்ளிவிடுகிறேன். பக்கத் துளிர்கள் சீக்கிரமே கிளம்பிவிடுகின்றன.