முகத்துக்கு ஊசி: போட்டது தெரியாமல் இருக்கத் தவிர்க்க வேண்டியவை

தோல் சிகிச்சையில் புதிதாகப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களின் பக்கத்தில் நின்று கவனிப்பது என் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் செய்யும் தவறுகளில் புதுசாக ஒன்றும் இல்லை, ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்தவைதான். வேடிக்கை என்னவென்றால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களும் அதே தவறுகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். "இயல்பா இருக்கணும் டாக்டர், போட்டதே தெரியக் கூடாது" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த வாக்கியத்தில், போட்டது பளிச்சென்று தெரிகிற ஒன்றைக் கேட்பார்கள்.

பார்லரில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், ஆன்லைனில் மருந்து வாங்கி வீட்டில் குத்திக்கொள்ளாதீர்கள், கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். பெயர்க் குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடலாம். போடாக்ஸ் தசையின் இழுப்பைக் குறைக்கும், மூன்று நான்கு மாதத்தில் அதன் வேலை முடிந்துவிடும். ஃபில்லர் ஒரு ஜெல், தோலுக்கு அடியில் இடத்தை நிரப்பும். உதட்டைப் பெரிதாக்க போடாக்ஸ் கேட்டால் கிடைக்காது.

கோட்டைப் பார்த்து ஃபில்லர் போடுவது

மூக்கோரத்தில் தொடங்கி வாயோரம் வரை இறங்கும் சிரிப்புக் கோடு. நாற்பதைத் தாண்டி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் விரலால் காட்டுவார்கள். "வேற எதுவும் வேண்டாம், இதை மட்டும் நிரப்பிடுங்க." கேட்டதைச் செய்து கொடுப்பது டாக்டருக்குச் சுலபம். பத்து நிமிட வேலை, கோடு உடனே மறையும், வந்தவரும் சந்தோஷமாகப் போவார். அதனால்தான் இந்தத் தவறு ஒழிய மாட்டேன் என்கிறது.

வயதாக ஆகக் கன்னத்துக் கொழுப்பு மெலிகிறது, கீழே இறங்குகிறது. மூக்குக்குப் பக்கத்தில் மேல்தாடை எலும்பும் கொஞ்சம் தேய்ந்து உள்வாங்குகிறது. மேலே தாங்கிக்கொண்டிருந்தது குறைந்ததால் கீழே மடிப்பு விழுகிறது. பந்தல் கால் சாய்ந்த பிறகு, தொங்கும் துணியின் மடிப்பில் பஞ்சை அடைத்தால் பந்தல் நிமிராது, பாரம்தான் கூடும். நிரப்ப வேண்டிய இடம் பல சமயம் கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பின் மேல் இருக்கும். அங்கே கொஞ்சம் கொடுத்தாலே கோடு பாதி தணிந்துவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கைக் கண்ணாடியுடன் நிமிர்ந்து உட்காருங்கள், படுக்கக் கூடாது. படுத்தால் எல்லோருக்கும் வயது குறையும். ஒரு விரலைக் கன்ன எலும்பின் மேல் வைத்து, காதுப் பக்கமாக லேசாக மேலே தள்ளுங்கள். கோடு மறைந்தால் பிரச்சினை கன்னத்தில். தள்ளியும் மறையாமல், தோலில் கீறல் போல ஒரு வரி மிச்சம் நின்றால், அந்த வரிக்குத்தான் கோட்டில் கொஞ்சம் ஜெல். கன்சல்டேஷனில் இந்தச் சோதனையைச் செய்யாமல், உங்களைப் படுக்க வைத்த பிறகே குறி போடப் பேனாவை எடுக்கிற டாக்டராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு வங்கி அதிகாரி, ஐம்பதைத் தொட்டவர், கோட்டை நிரப்பியதன் பலனோடு என்னிடம் வந்தார். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முன்பு வேறோர் இடத்தில் போட்டிருக்கிறார். ஆறு மாதம் கழித்து, "கரைஞ்சிருக்கும் மேடம், டச்-அப் பண்ணிக்கலாம்" என்று அங்கிருந்து போன். போய்விட்டார். கல்யாணத்துக்கு முன் இன்னொரு தடவை. என் முன்னால் உட்காரும்போது மேல் உதட்டுக்கு இரண்டு பக்கமும் சதை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. கோடு போயிருந்தது, அதை மறுக்க முடியாது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. சிரித்தவுடன் கன்னம் மேலே ஏறி, அந்த மேட்டோடு நெருக்கியடித்து, கண்ணுக்குக் கீழே பிதுங்கியது. அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. "கல்யாண ஆல்பத்தைப் பார்த்துட்டு, ஏம்மா எல்லா போட்டோலயும் முறைச்சுக்கிட்டே நிக்கிறேன்னு என் பொண்ணு கேக்குறா" என்றார். மகள் கல்யாணம் முழுக்கச் சிரிக்காமல் சமாளித்திருக்கிறார்.

ஆறு மாதத்தில் கரைந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்த கணக்கு. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, கடைசியாக ஊசி போட்டு இரண்டு வருடம் தாண்டியவர்களின் கன்னத்திலும் ஹயலூரானிக் அமில ஃபில்லர் (ஜெல்களில் அதிகம் புழங்கும் வகை) இருந்திருக்கிறது. அசைவு அதிகமுள்ள உதட்டில் பலன் சீக்கிரம் குறைவதாகத் தெரியும், கன்னத்தில் அப்படி இல்லை. போட்ட புதிதில் இருந்த வீக்கம் வடிந்ததையும், புது முகம் கண்ணுக்குப் பழகிப்போனதையும் நாம் "கரைஞ்சிடுச்சு" என்று எடுத்துக்கொள்கிறோம். அதன் மேல் இன்னொரு சிரிஞ்ச் ஏறும். ஒவ்வொரு தடவையும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது. ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற சொந்தக்காரர்தான் "என்னாச்சு, உடம்பு ஊதின மாதிரி இருக்கே" என்பார். டச்-அப்புக்கு முன்னால், முதல் ஊசிக்கு முன்பு எடுத்த போட்டோவை எடுத்து வைத்துப் பாருங்கள். அப்படி ஒரு போட்டோ அந்த கிளினிக்கில் இல்லையென்றால், எதை வைத்து டச்-அப் என்கிறார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் இந்த மிச்சக் கணக்கு. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஃபில்லர் பெரும்பாலும் ஒரு எம்.எல். சிரிஞ்சில் வருகிறது, அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. விலை மட்டும் பல ஆயிரம். அரை எம்.எல்.லோடு நிறுத்தினால் முகத்துக்குப் போதும் என்று எனக்குத் தெரியும். சிரிஞ்சில் இன்னும் பாதி நிற்பது நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியும். "மிச்சம் இருக்குல்ல டாக்டர், காசு குடுத்தது, உதட்டுல போட்டுடுங்க." கன்ன எலும்பின் மேல் உட்கார்ந்து தாங்குவதற்கான ஜெல் கெட்டியானது. உதட்டுக்கு மெத்தென்று அசைந்து கொடுக்கிற ஜெல் வேண்டும். கன்னத்து மிச்சத்தை உதட்டில் போட்டால் நாக்கில் நெருடுகிற உருண்டைதான் மிஞ்சும். ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த மாதம் போடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. திறந்த சிரிஞ்ச் அன்றோடு சரி, பிறகு அது கிருமிக்கு வழி. மிச்சத்தைக் குப்பையில் போடுவதுதான் எல்லாவற்றையும்விட மலிவு. இரண்டு சிரிஞ்ச் எடுத்தால் மூன்றாவது இலவசம் என்கிற ஆஃபரில் அந்த மூன்றாவது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் முகத்தைத் தவிர அதற்குப் போக்கிடம் கிடையாது.

அந்த அதிகாரிக்கு ஹயலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைத்தோம். ஹயலூரானிக் அமில ஃபில்லரை உடைக்கிற நொதி அது. ஓரிரு நாளில் மேடு அமர்ந்துவிட்டது. மறுபடி பார்க்க இரண்டு வாரம் விட்டோம். அவருக்குக் கடைசியில் வேண்டியிருந்தது கன்னத்தில் சின்ன அளவுதான். போடக் கொடுத்தது மூன்று தடவை, எடுக்கக் கொடுத்தது ஒரு தடவை. அந்தப் பணத்தைவிட ஆல்பம்தான் அவருக்கு இன்னும் வலிக்கிறது.

நெற்றியை மட்டும் மழமழவென்று கேட்பது

புருவத்தை மேலே தூக்க நமக்கு இருப்பது நெற்றித் தசை ஒன்றுதான். கீழே இழுக்கப் பல தசைகள் இருக்கின்றன. தூக்குகிற ஒன்றை முழுசாக அடக்கிவிட்டு இழுப்பவற்றை அப்படியே விட்டால் புருவம் இறங்கும், பார்வையில் தூக்கம் தெரியும். இமைத்தோல் தளர்ந்தவர்கள், கண்ணைத் திறந்து வைக்கவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நெற்றி வரிகள் அழகுக் குறையாகத் தெரிந்தாலும், அந்தச் சுருக்கம்தான் பார்வையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நெற்றியைத் தளர்த்திவிட்டு டாக்டர் விரலால் புருவத்தை அசையாமல் பிடிக்க, கண்ணைத் திறக்கச் சொன்னால் இது தெரிந்துவிடும்.

மார்கழிக்கு முன்பு ஒரு நடன ஆசிரியை வந்து, மேடை விளக்கில் வரி விழாத நெற்றி கேட்டார். சிருங்காரமும் அற்புதமும் புருவம் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு புருவத்துக்கும் நடுவில் விழும் கோபக்கோட்டுக்கு மட்டும், அதுவும் குறைந்த அளவில் போதும் என்றார். போடாக்ஸுக்கு அழகு சிகிச்சையில் அமெரிக்காவில் 2002-ல் முதலில் அனுமதி கிடைத்ததும் அந்தக் கோட்டுக்குத்தான், அளவு 20 யூனிட் (மருந்தின் வீரியத்தைக் கணக்கிடும் அலகு). முதல் தடவை வருகிறவர் குறைவாகப் போட்டுக்கொண்டு, முழுப் பலன் தெரியும் இரண்டாவது வாரத்தில் வந்து காட்டுங்கள். சேர்க்க முடியும், எடுக்க முடியாது. போடாக்ஸைக் கரைக்கிற ஊசி எதுவும் இல்லை.

கருவளையத்துக்கு ஃபில்லர்

நம் தோலில் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை பல பேருக்கு நிறமிதான். பரம்பரை, அலர்ஜி, கண்ணைக் கசக்கும் பழக்கம் என்று காரணங்கள் இருக்கும். ஜன்னலைப் பார்த்து முகத்தை வெளிச்சத்துக்கு உயர்த்துங்கள். கருமை மறைந்தால் அது பள்ளத்தின் நிழல், ஃபில்லரைப் பற்றிப் பேசலாம். அப்படியே இருந்தால் நிறம், ஜெல் அதைத் தொடாது. அந்த இடத்துத் தோல் முகத்திலேயே மெல்லியது. ஜெல் மேலாக விழுந்தால் நீலம் பாரித்துத் தெரியும், தண்ணீரைப் பிடித்து வைத்துக் காலையில் வீங்கும். கருப்பைப் போக்கப் போய் கருப்பும் வீக்கமும் சேர்ந்து வாங்கி வந்தவர்களை நிறையப் பார்க்கிறேன்.

நடிகையின் போட்டோவைக் காட்டுவது

உங்கள் இருபத்தைந்து வயது போட்டோவைக் கொண்டுவாருங்கள்.

"ஒரு ஏரியாவுக்கு இவ்வளவு" என்ற விலையை மட்டும் கேட்பது

போடாக்ஸ் குப்பியில் மருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு படலமாக இருக்கும். 100 யூனிட் குப்பியில் 2.5 எம்.எல். சலைன் (உப்பு நீர்) சேர்த்தால் 0.1 எம்.எல்.லுக்கு 4 யூனிட். சலைனை அதிகமாக ஊற்றினாலும் சிரிஞ்ச் நிறைந்துதான் தெரியும். எத்தனை எம்.எல். என்று கேட்காதீர்கள், எத்தனை யூனிட், எந்த பிராண்ட் என்று கேளுங்கள். டிஸ்போர்ட் என்பது இதே வகை மருந்தின் இன்னொரு பிராண்ட்; அதன் யூனிட் வேறு, போடாக்ஸின் யூனிட் வேறு. டிஸ்போர்ட்டில் எண் இரண்டரை மூன்று மடங்கு வரை வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குப்பியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்லர் பெட்டியில் இருக்கும் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) ஸ்டிக்கரை உங்கள் ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால், இன்னொரு டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

முதல் தடவையே கரைக்க முடியாததைப் போடுவது

கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், பாலி எல் லாக்டிக் அமிலம் போன்ற வேறு வகை ஃபில்லர்கள் எல்லாம் தெரிந்த கையில் நல்ல மருந்துகள். ஆனால் ஹயலூரானிடேஸ் அவற்றைக் கரைக்காது. பிடிக்கவில்லை என்றால் காத்திருப்பதுதான் வழி. நிரந்தர ஃபில்லர் இன்னும் மோசம்: முகம் மாறிக்கொண்டே போகும், அது மாறாது. திரவ சிலிகான் என்று யாராவது சொன்னால் செருப்பைத் தேடுங்கள்.

தாடையை மெலிதாக்க அவசரம்

தாடைத் தசைக்கு போடாக்ஸ் போட்டால் முகம் ஒடுங்கும். தாடையோரத் தோல் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு அது இன்னும் தொங்கியும் காட்டும்.

வெள்ளையாக்கும் ஊசி

வேண்டாம்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு

ரத்தக்கட்டு யாருக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபில்லர் என்றால் ஒரு மாதம் முன்பு, போடாக்ஸ் என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பு. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளை நிறுத்தலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இதய டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருப்பது

ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ, வெளியிலிருந்து அதை அழுத்தினாலோ, அந்தக் குழாயை நம்பியிருக்கும் தோல் சாகத் தொடங்கும். மூக்கும், பொட்டு வைக்கிற இடமும் முகத்தில் மிக ஆபத்தானவை. அங்கிருக்கும் குழாய்களுக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு, பார்வை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மூக்கை எடுப்பாக்க ஃபில்லர் என்று கேட்டால் நான் பெரும்பாலும் மறுத்துவிடுகிறேன். ஹயலூரானிடேஸ் அலமாரியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே எந்த இடத்திலும் ஃபில்லருக்குச் சம்மதியுங்கள். "எதுக்கு மேடம் அதெல்லாம்" என்று பதில் வந்தால், அங்கே இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்தபின் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், தோலில் வலை போல நீலச் சிவப்புக் கோடுகள் பரவினால், அன்றைக்கே, அந்த மணி நேரமே கூப்பிடுங்கள். பல ஃபில்லர்களில் மரத்துப்போகும் மருந்து கலந்திருப்பதால் ஆரம்பத்தில் வலி தெரியாமலும் போகலாம். ரத்தம் தடைப்பட்ட இடம் வெளுக்கும், ஆனால் மாநிறத் தோலில் அந்த வெளுப்பு சட்டென்று கண்ணில் படாது. உதட்டுக்குப் போட்டிருந்தால் உதட்டின் உள்பக்கத்தையும் ஈறையும் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஐஸ் வைக்காதீர்கள், குளிர் ரத்தக்குழாயை இன்னும் சுருக்கும். பார்வை மங்கினாலோ இரண்டாகத் தெரிந்தாலோ, கிளினிக் போனை எடுக்கும்வரை காத்திருக்காமல் கண் அவசர சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள், லாட் எண் ஒட்டிய ஃபைலின் போட்டோ உங்கள் செல்போனில் இருக்கட்டும்.