எங்கிருந்து எடுத்தீர்கள்?

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரையில் புறநானூறு 192-ஆம் பாட்டை மேற்கோள் காட்டி, அடிக்குறிப்பில் 'உ.வே.சா. பதிப்பு, 1894' என்று கெத்தாகப் போட்டேன். படித்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "எந்தப் பக்கம், தம்பி?" எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பதிப்பை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. இணையத்தில் யாரோ போட்டிருந்ததை எடுத்து ஒட்டியிருந்தேன். 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்ற அடியில் அளபெடையும் காணாமல் போய், 'படும்' என்று நின்றது.

பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டுவது நம்மில் பலர் செய்யும் தவறு. மின்னூலைப் பார்த்தால் மின்னூல் என்றே எழுதலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, தலைப்பகுதியை வெட்டிவிடுவது. தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. அதன் கோப்பு எதைத் திறந்தாலும் நூலுக்கு முன்னால் ஒரு குறிப்பு இருக்கும்: உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், பல கோப்புகளில் மூலமாகக் கொண்ட அச்சுப் பதிப்பு எது என்றுகூட. இந்த முகப்பை அப்படியே வைத்திருந்தால் கோப்பைத் தாராளமாகப் பகிரலாம் என்றும் அதிலேயே எழுதியிருப்பார்கள். நாம் என்ன செய்கிறோம்? பாட்டை மட்டும் நகலெடுத்து, கீழே 'நன்றி: இணையம்' என்று போடுகிறோம். இணையத்துக்கு எதற்கு நன்றி? இரவெல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்தவருக்கல்லவா சொல்ல வேண்டும். நன்றி மட்டும் பிரச்சினை இல்லை. தமிழில் துணைக்காலும் 'ர'வும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரியில் (OCR) போட்டால் 'கால்' என்பது 'கரல்' ஆகிவிடும். முகப்புக் குறிப்பு இருந்தால் மூலத்துக்குப் போய்ச் சரிபார்க்கலாம். இல்லாவிட்டால் பிழை பத்து இடங்களில் ஒட்டப்பட்டு, அதே பாட்டின் இன்னொரு வடிவம், அதாவது பாடபேதம் மாதிரி உலவ ஆரம்பிக்கும். விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஸ்கேன் செய்த பக்கமும் தட்டச்சிட்ட வரிகளும் அருகருகே இருப்பது இதற்குப் பெரிய வசதி. நூலின் முகப்புச் சுட்டியைத் தராமல், அந்தக் குறிப்பிட்ட பக்கத்தின் சுட்டியைக் கொடுங்கள்.

சரி, சுட்டி கொடுத்தால் வேலை முடிந்ததா? தளம் மூடினால் சுட்டியும் போச்சு. பகிரும்போதே, இணையப் பக்கங்களைப் படியெடுத்துக் காக்கும் வேபேக் மெஷினில் ஒரு படி சேமித்துவிடுவது நல்லது. அந்தப் படியின் முகவரியில் 20190114063000 என்பது போல 14 இலக்கங்கள் இருக்கும். 2019 ஜனவரி 14, காலை 6.30, உலகப் பொது நேரம். நமக்கு நண்பகல் 12 மணி. இங்கேயும் பலர் சறுக்குவார்கள்: அது படி எடுத்த நேரம்தான், கட்டுரை வெளிவந்த நேரம் இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய கட்டுரைக்கும் நேற்றைய தேதியில் படி இருக்கலாம்.

விக்கிப்பீடியா என்றால், வரலாற்றுப் பக்கத்துக்குப் போய் நீங்கள் படித்த பதிப்பின் சுட்டியை எடுங்கள். நாளைக்கு யாராவது அந்தப் பத்தியையே மாற்றியிருப்பார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளில் ஆபத்து வேறு மாதிரி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட கட்டுரை 1998-இல் தி லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன் இறக்கி வைத்த பிடிஎஃப் கோப்புக்கு இது எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். கோப்பை அனுப்பாமல், கட்டுரைக்கென்றே தரப்படும் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைச் சுட்டியாக அனுப்பினால், சொடுக்குகிறவர் இதழின் பக்கத்துக்கே போவார். திரும்பப் பெற்ற அறிவிப்பும் கண்ணில் படும்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகவரிப் பட்டையையும் தேதியையும் வெட்டிவிட்டு அனுப்பினால் அது வெறும் படம்.

பெரியவர் கேட்ட அந்த அடிக்குறிப்பை அப்புறம் திருத்தினேன். இப்போது அதில் மின்னூலின் பெயர், உள்ளிட்டவர் பெயர், சுட்டி, நான் பார்த்த நாள் எல்லாம் இருக்கின்றன. நீளம்தான். 1894-ஐ எடுத்துவிட்டேன்.